கடைசி பஸ்ஸுக்கு முன்னால்

ஓட்டப் பந்தயம் என்றால் உலகமே முதலில் வருகிறவனைத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். பஸ் அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் ஊரில் வருஷா வருஷம் மாரத்தான் நடக்கிறது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முதலில் வந்தவன் குட்டையா நெட்டையா என்று கேட்டால் அவள் திருதிருவென்று விழிப்பாள். கடைசியில் வருகிறவர்களைப் பற்றிக் கேளுங்கள், யாருக்கு எந்தக் கால் இழுத்தது, யார் அழுதார்கள், யார் அழாத மாதிரி மூக்கைச் சிந்தினார்கள் எல்லாம் ஒப்பிப்பாள்.

காரணம் இருக்கிறது. வருஷம் முழுக்க அவள் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். பந்தயத்தன்று மட்டும் பள்ளிக்கூடம் அந்த பஸ்ஸையும் அவளையும் சேர்த்துப் பந்தயக் கமிட்டிக்கு இரவல் கொடுத்துவிடும். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் அந்த பஸ் ஊர்ந்து போக வேண்டும். ஆறு மணி நேரத்தில் ஓட்டத்தை முடிக்கிற ஆள் எந்த வேகத்தில் ஓடுவானோ அந்த வேகம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பஸ்ஸின் பின்பக்கம் ஒருவரைத் தாண்டிவிட்டால் அவர் ஆட்டம் முடிந்தது, பேசாமல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். பஸ் போன பிறகுதான் போலீஸ்காரர் சாலையை மற்ற வண்டிகளுக்குத் திறந்துவிடுவார். ஓடுகிறவர்கள் மத்தியில் அந்த பஸ்ஸுக்கு எமன் வண்டி என்றெல்லாம் பெயர் உண்டு. ஆனால் அதை ஓட்டுகிறவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏனென்றால் அவள் ஆட்களை ஏற்றிக்கொள்கிற விதம் அப்படி. ஹாரன் அடிக்க மாட்டாள். மைக்கில் கத்த மாட்டாள். பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து, விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, "வாங்க, வந்து உக்காருங்க. கால நல்லா நீட்டிக்கங்க" என்பாள். ஏறியதும் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும், அவள் வீட்டுக்காரர் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த துண்டும் வந்துவிடும். பிறகு கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பாள். "இதுல என்னங்க இருக்கு? உசுரா போயிடுச்சு? அடுத்த வருஷம் ஜம்முனு முடிச்சிடலாம்."

இந்த ஆறுதலில்தான் ஒரு வருஷம் வினை வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கிற ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், முக்கால்வாசி தூரம் ஓடிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். அந்த அம்மாள் துண்டை விலக்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உக்காந்த எடத்துலேருந்து யார் வேணா சொல்லலாம்."

பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அடுத்தவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவள் அவள். அன்றைக்கு அது திரும்பி அவள் மேலேயே விழுந்தது. மீதி வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. அக்கா வாயைத் திறக்காமல் பஸ் ஓட்டியது அவள் சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அறிவித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் டெய்லர். தெருவே அவரை டெய்லர் என்றுதான் கூப்பிடும், கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். முன்னறைதான் அவர் கடை. ஒரு பக்கம் தையல் மெஷின், இன்னொரு பக்கம் வெட்டுகிற மேசை, நடுவில் அவர் தொப்பை.

"நான் அடுத்த வருஷம் மாரத்தான் ஓடப் போறேன்."

டெய்லர் வாயில் குண்டூசி வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டுத்தான் சிரித்தார், நல்ல வேளை. "எதுக்கு முன்னாடி? நாய் தொரத்தினாத்தானே நீ ஓடுவ?"

"சிரிங்க சிரிங்க. அம்பத்திரண்டு வயசுல ஓடறவங்க இல்லையா?"

"இருப்பாங்கம்மா. இருவத்திரண்டுலேருந்து ஓடியிருப்பாங்க. நீ இருவத்திரண்டுலேருந்து உக்காந்திருக்க."

இதுவும் உண்மைதான், அதனால் இன்னும் அதிகமாக வலித்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? இத்தன வருஷம் அந்த ஓட்டத்தோட போயிருக்கேன். ஓடி முடிக்கற அந்தக் கோடு இருக்கே, அத நான் பாத்ததே இல்ல. மைதானத்துக்கு முன்னாடியே பஸ்ஸ பின்வாசல் பக்கம் திருப்பிவிட்டுடுவாங்க. கைதட்டற சத்தம் மட்டும் கேக்கும். ஒரே ஒரு தடவ என் சொந்தக் கால்ல அந்தக் கோட்டத் தாண்டணுங்க. அப்புறம் பஸ்ஸுல ஏறறவங்ககிட்ட நான் எது சொன்னாலும் அதுல ஒரு நியாயம் இருக்கும்."

டெய்லர் சிரிப்பை நிறுத்தினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எப்போது சிரிக்கக் கூடாது என்பதையாவது அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

மறுநாளே அவள் மருந்துக்கடைக்குப் போனாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "என்னையும் சேத்துக்க, சேந்து ஓடுவோம். நீதானே வாயக் குடுத்த, நீயே கத்துக் குடு" என்றாள் அக்கா. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம், இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் வாரம் ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கு அவமானம். பூங்காவின் வாசலிலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடுவாள், இரண்டு கம்பத்துக்கு நடப்பாள். பின்னால் சைக்கிளில் டெய்லர். அவருக்கு விடியற்காலை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். கொட்டாவி விட்டுக்கொண்டே மிதித்துக்கொண்டு வருவார். மருந்துக்கடை அம்மாள் முன்னால் போய்க்கொண்டே, "மூச்சு முட்டாத வேகத்துல ஓடுங்கக்கா, பேசிக்கிட்டே ஓட முடியணும்" என்பாள். பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை என்றதும் அக்காவுக்கு ஓட்டத்தின் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

ஒரே ஒரு கோளாறுதான் போகவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை தலை தானாக வலது பக்கம் திரும்பிப் பின்னால் பார்க்கும். அத்தனை வருஷம் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டிய கழுத்து, அது என்ன செய்யும்? "பின்னாடி ஒரு பயலும் இல்லம்மா, நான் மட்டும்தான் வர்றேன்! நேராப் பாரு!" என்று டெய்லர் சைக்கிளிலிருந்து கத்துவார். நேராகப் பார்ப்பாள். பத்தடி போனதும் கழுத்து மறுபடியும் திரும்பிவிடும்.

மழை வந்தது, ஓடினாள். வெயில் வந்தது, ஓடினாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்து ஒரு நாள் காலணிக்குள்ளேயே கழன்று வந்தது. அதை ஒரு காகிதத்தில் மடித்து டெய்லரிடம் பெருமையாகக் காட்டினாள், அந்த மனிதர் அன்றைக்குக் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஓடிவிட்டு வந்து, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிற நிலைமை. பஸ்ஸில் பிள்ளைகள் விசாரிப்பார்கள்: "அக்கா, நேத்து உங்கள ஒரு ஆமை ஓவர்டேக் பண்ணுச்சாமே?" "பண்ணுச்சு, அதுவும் ஸ்கூலுக்கு லேட்டுன்னு ஓடுச்சு, உன்ன மாதிரி இல்ல" என்பாள்.

வீட்டில் பெரிய சண்டை வந்தது காற்சட்டையால். கடையில் வாங்கியது தொடையில் உரசி உரசிப் புண்ணாக்கிவிட்டது. டெய்லர் புதிதாகத் தைத்துக் கொடுத்தார், அதுவும் உரசியது. அவள் சொன்னாள்: "தையல் உள்பக்கம் இருக்கறதாலதான் உரசுது. வெளிப்பக்கமா போட்டுத் தைங்க."

"தையல வெளியில போடறதா? பாக்கறவன் என்ன சொல்லுவான்? டெய்லர் பொண்டாட்டி துணிய உள்வெளியா மாட்டிக்கிட்டு ஓடறான்னு சொல்லுவான். என் தொழிலுக்கு என்ன மரியாதை?"

"உங்க தொழிலுக்கு மரியாத வேணும்னா என் தொடைக்குத் தோல் வேண்டாமா?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலை அவள் எழுந்தபோது நாற்காலி மேல் ஒரு காற்சட்டை மடித்து வைத்திருந்தது. எல்லாத் தையலும் வெளிப்பக்கம். ஆனால் அந்த மனிதர் சும்மா விடவில்லை, தையல் போன இடமெல்லாம் சிவப்பு நாடா வைத்து, வேண்டுமென்றே செய்த அலங்காரம் மாதிரி ஆக்கியிருந்தார். பிறகு அதைப் பார்த்து மருந்துக்கடை அம்மாளும் ஒன்று தைத்துக்கொண்டாள். அதற்கு மேல் டெய்லரைப் பிடிக்க முடியவில்லை.

பந்தயம் நெருங்க நெருங்க ஒரு கேள்வி வந்து நின்றது. அக்கா ஓடினால் பஸ்ஸை யார் ஓட்டுவது? பெரிய வண்டியை அந்த மாதிரி ஊர்ந்து ஓட்டுவது லேசான வேலை இல்லை. கடைசியில் அவள் மகனையே கொண்டுவந்தாள். அவன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன், பஸ் லைசென்சும் இருந்தது. கல்யாணமாகாத ஒற்றைப் பிள்ளை. எறும்பு கடித்தால்கூட எறும்புக்குப் பல் வலித்திருக்குமோ என்று கவலைப்படுகிற ஜாதி.

பள்ளிக்கூட மைதானத்தில் அவனுக்குப் பழக்கினாள். "ஆக்ஸிலேட்டர்ல கால வைக்காத. வச்ச மாதிரி நெனச்சுக்க, போதும். தண்ணிப் பந்தல் ஒவ்வொண்ணுலயும் கடிகாரம் வச்சிருப்பாங்க, எந்தப் பந்தல எப்ப தாண்டணும்னு மனப்பாடம் பண்ணிக்க. முக்கியமா ஒண்ணு. அழுவாங்க, கெஞ்சுவாங்க, இன்னும் கொஞ்சம்தான்னு சொல்லுவாங்க. பாவம் பாக்காத. ஒருத்தருக்குப் பாத்தா ஏற்கெனவே ஏறினவனுக்குத் துரோகம் பண்ணின மாதிரி. உன்னப் பெத்தவளா இருந்தாலும் ஏத்திக்கணும், புரியுதா?"

"நீ எதுக்கும்மா ஏறப் போற?" என்றான் மகன். கேட்டுவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் டெய்லர் தன் பங்குக்கு ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "நாளைக்கு நீ யாருக்கும் அக்கா இல்ல. திரும்பிப் பாக்காத. தனக்கு மிஞ்சித்தான் தானம்."

"தெரியும், தெரியும்" என்றாள். தெரிந்தால் மட்டும் போதுமா?

விடிகிற நேரத்தில் கிளம்பினார்கள். பாதி தூரம் வரைக்கும் அக்கா ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்களே பிரமித்திருப்பீர்கள். பேச்சும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. மருந்துக்கடை அம்மாள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். பஸ் எங்கோ பின்னால், கண்ணுக்கே தெரியாத தூரத்தில். கணக்குப்படி அவள் சாவகாசமாக முடித்திருக்க வேண்டும்.

பாலத்தைத் தாண்டியதும் கழுத்து வேலையைக் காட்டியது. திரும்பினாள். பருமனான ஓர் இளைஞன் நடைபாதை விளிம்பில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவன் காலணி நாடா அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்ட வயிறு இடம் கொடுக்கவில்லை. பார்த்த பிறகு எப்படிப் போவது? போய்க் கட்டிவிட்டு, "தண்ணி குடிச்சியாப்பா?" என்று கேட்டு, குடிக்க வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அவரோடு அடுத்த பந்தல் வரைக்கும் நடந்து, வாழைப்பழம் தின்ன வைத்தாள். ஒவ்வொன்றும் சின்ன நிறுத்தம்தான். பள்ளிக்கூட பஸ் நிற்கிற மாதிரி நின்று நின்று போனாள், வேறென்ன.

"அக்கா, இப்படி நின்னுக்கிட்டே இருந்தீங்கன்னா போய்ச் சேர மாட்டீங்க" என்று மருந்துக்கடை அம்மாள் கத்தினாள். கத்திய வாய் மூடுவதற்குள் அவளுக்கே ஆடுசதை இறுகிக்கொண்டது. போன வருஷம் பஸ்ஸில் ஏறினாளே, கிட்டத்தட்ட அதே இடம். சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்கக்கா. நான் இந்த வருஷமும் பஸ்ஸுதான்."

"வாய மூடு." அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டாள். நீவினாள், பிடித்து விரலை மேல்பக்கம் மடக்கினாள், உப்புத் தண்ணீர் குடிக்க வைத்தாள். கல்லாக இருந்த சதை கடைசியில் இளகியது. கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் தோளில் தோள் சாய்த்து நடந்தார்கள். பிறகு அந்த அம்மாள் ஓட ஆரம்பித்தாள். இப்போது அக்காவால் ஓட முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எழுந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ போ. திரும்பிப் பாத்தேன்னா கொன்னுடுவேன்" என்றாள். அந்த அம்மாள் அழுதுகொண்டே போனாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா தனியாக ஓடினாள். ஓடினாள், நடந்தாள், ஓடினாள். கடைசி நேர் சாலைக்கு வந்தபோது தூரத்தில் சிவப்பு பலூன் வளைவு தெரிந்தது. அதன் அடியில்தான் கோடு. இத்தனை வருஷம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தவள், அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. அந்த எஞ்சின் அவளுக்கு மகன் மாதிரி. அதன் இருமல்கூடத் தெரியும். பயத்தில் கால் வேகமெடுத்தது, பிறகு தளர்ந்தது. இதோ தாண்டப் போகிறது, இதோ தாண்டப் போகிறது என்று காத்திருந்தாள். பஸ் தாண்டவில்லை. அவள் ஓடினால் அதுவும் வந்தது, அவள் நடந்தால் அதுவும் நொண்டியது. உள்ளே ஏறியிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓடுங்கக்கா! ஓடுங்க!" என்று கூச்சல் போட்டார்கள். நாடா கட்டிவிட்ட பையன் குரலும் அதில் இருந்தது.

கடைசித் தண்ணீர்ப் பந்தலின் கடிகாரத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தப் பந்தலை பஸ் எப்போதோ தாண்டியிருக்க வேண்டும். நின்றாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்தாள்.

"என்னடா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லம்மா." மகன் முகம் வியர்த்து வழிந்தது. ஓடியவளுக்குக்கூட அவ்வளவு வியர்க்கவில்லை.

"அப்புறம் ஏன் இப்படி ஊந்துக்கிட்டு வர்ற?"

"நீ ஓடும்மா. தோ, அங்கதானே இருக்கு. நான் பின்னாடியே வர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"உள்ள இருக்கறவங்கள எந்த வேகத்துல வந்து ஏத்தின?"

அவன் ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

"அவங்களுக்கெல்லாம் அம்மா இல்லையாடா?"

பருமனான இளைஞன்தான் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, எங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. நாங்க யாரும் கேக்க மாட்டோம். நீங்க போங்க." "ஆமாக்கா, போங்க" என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மனசாரத்தான் சொன்னார்கள்.

அவள் வளைவைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டால், சத்தியமாக வளைவின் பக்கம்தான். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது. "சரியா ஓட்டுடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓட ஆரம்பித்தாள்.

எஞ்சின் சத்தம் மாறியது. சரியான சத்தம். அவள் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டு ஓடினாள். பஸ்ஸின் மூக்கு அவள் தோளுக்கு வந்தது. டிரைவர் ஜன்னல் வந்தது, மகன் நேராகப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி போனான். பிறகு ஒவ்வொரு ஜன்னலாக வந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு முகம், எல்லா முகமும் அவள் பெயர் தெரியாமல் அக்கா அக்கா என்று கத்திக்கொண்டு. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்தார், இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதுபோல. கொஞ்ச தூரம் அவளும் அந்த ஜன்னலும் சமமாகப் போனார்கள். பிறகு அதுவும் போயிற்று. பின் விளக்கு போயிற்று. வளைவு கூப்பிடுகிற தூரத்தில் இருந்தது. பலூனுக்குக் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு தொப்பை நிற்பதுகூடத் தெரிந்தது.

அவள் நின்றாள். பஸ் நின்றது. கதவு திறந்தது.

"வாம்மா, வந்து உக்காரு" என்றான் மகன்.

கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். மூன்றே படி, ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். யாரோ துண்டை நீட்டினார்கள்.

"நான் சரியா ஓட்டினேனாம்மா?"

"சரியாத்தான் ஓட்டின" என்றாள். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். பிறகு திடீரென்று எழுந்து அவன் முதுகில் படாரென்று ஓர் அடி வைத்தாள்.

"பாவிப் பயலே! நான் சொன்னா சொன்னபடியே செஞ்சுடுவியா? பெத்தவதானேடா, கொஞ்சம் மெதுவா ஓட்டியிருந்தா என்னடா கொறஞ்சு போயிருக்கும்?"

அப்படியே அவன் தோளைக் கட்டிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான். பருமனான இளைஞன் சிரித்துக்கொண்டே அழுதான். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, பஸ்ஸைப் பின்வாசல் பக்கம் திருப்பினான்.